ஆமா போடும் இடம்

ஜூலை 5, சனி

குக்கர் இன்றும் விசில் அடிக்கவில்லை. மூன்று விசிலில் இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வடிவு குளிக்கப் போனாள். நான் முன்னறையில் செய்தித்தாளோடு காத்திருந்தேன். விசில் வரவில்லை, பருப்பு அடிப்பிடித்த வாசனைதான் வந்தது. ஈரத் தலையோடு ஓடி வந்து அடுப்பை அணைத்தவளிடம், கேஸ்கட் போயிருக்கும் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா, கேஸ்கட்டாத்தான் இருக்கும்" என்றாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் நான் சொன்னதை அவள் உடனே ஒத்துக்கொண்டதில்லை. அதுதான் உறுத்துகிறது.

மாலை இசக்கியம்மாள் வீட்டு மாடியில் ஒத்திகை. எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவை ஆசிரியர்களாகச் சேர்ந்து எழுத்தறிவு இயக்கத்துக்காகத் தொடங்கினோம். பிறகு டெங்கு, ஹெல்மெட், மழைநீர் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போய்ப் பாடினோம். தமிழாசிரியை இசக்கியம்மாள் வில்லடித்துக் கதை சொல்வார். மின்வாரியத்தில் இருக்கும் சுடலை உடுக்கை. இயற்பியல் வாத்தியாராக ஓய்வு பெற்ற நான் குடம். எங்கள் குழுவில் குடம் அடிப்பவரே ஆமாவும் போட வேண்டும்.

ஆமா போடுவது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. கதை சொல்பவர் நிறுத்துகிற இடத்திலெல்லாம் போட்டுவிட முடியாது. சில நிறுத்தம் சபை சிரித்து முடிக்க. சில நிறுத்தம் அழ. சாலையில் வண்டிகளுக்கு நடுவே விழும் இடைவெளி எல்லாமா கடப்பதற்கு? அப்படித்தான். இசக்கியம்மாள் எனக்கென்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். ஆமா வேண்டுமென்றால் வீசுகோலால் நாணை அடிக்காமல் வில்லை லேசாக ஆட்டுவார். வில்லில் கட்டிய வெண்கல மணிகள் சிணுங்கும். இடது கையைக் குடத்தின் வயிற்றில் வைத்தபடி நான் ஆமா போடுவேன். இன்றுவரை தவறியதில்லை.

இன்று புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். ஜெபக்கனி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் மின்னணுவியல் கற்பிக்கிறாள். என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது. தோலும் மணியும் நரம்புமாக இருக்கும் கருவிகளோடு மடிக்கணினியைச் சேர்த்து மேடையில் வாசிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வில்லின் முதுகில் நாணயம் போன்ற வட்டுகளை ஒட்டினாள். வில் அதிர்ந்தால் வட்டு அதை மின்சாரமாக்கும்; கணினி அதை வேறு ஒலியாக்கும். அடுத்த மாதம் அவர்கள் கல்லூரித் திறந்தவெளி மேடையில் நாங்கள் பாடப்போகும் குளத்தின் கதையில், மணி சிணுங்கினால் சில்வண்டு கத்துமாம், உடுக்கை அடித்தால் தவளை கத்துமாம்.

"பதிவு பண்ணி வச்சு ஓட்டுறது இல்ல சார். மேடம் எவ்வளவு ஆட்டுதாங்களோ, அவ்வளவுக்குத்தான் வரும்" என்றாள்.

தவளை நன்றாக வந்தது. சில்வண்டு வரவேயில்லை. ஆனால் சுடலை கண்ணை மூடிக்கொண்டு, "எப்பா, வயக்காட்டுல நிக்க மாதிரில்லா இருக்கு" என்றான். மீட்டர் ரீடிங் எடுக்கிறவனுக்கு வயற்காட்டைப் பற்றி என்ன தெரியும்? படித்த பெண் கொண்டுவந்தாள் என்பதற்காக வராத ஒலியை வந்தது என்கிறார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

கேஸ்கட் மாற்றப் போனேன். பழையதே நன்றாக இருக்கிறது என்றார் கடைக்காரர். விற்கிற பொருளை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை எப்படி நம்புவது? வற்புறுத்தி வாங்கி வந்தேன்.

ஜூலை 12, சனி

இன்று ஜெபக்கனிக்கு ஒரு சிக்கல். வில், குடத்தின் கழுத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. நான் குடத்தில் அடிக்கும் அடியெல்லாம் வில்லின் வழியே ஏறி அவளுடைய வட்டுகளுக்குப் போய்விடுகிறது. குடம் அடித்தாலும் சில்வண்டு கத்துகிறதாம். (எனக்கு எது அடித்தாலும் கத்தவில்லை. ஸ்பீக்கர் மட்டமானது. சொன்னால் வருத்தப்படுவாள் என்று விட்டுவிட்டேன்.)

தீர்வு சொன்னது நான்தான். வகுப்பில் மேசையின் ஒரு முனையில் கைக்கடிகாரத்தை வைத்து, மறுமுனையில் காதை ஒட்டச் சொல்வேன். டிக் டிக் மரம் வழியாக வந்துவிடும். கடிகாரத்துக்குக் கீழே ரப்பரை வைத்தால் நின்றுவிடும். அதையே இங்கே செய்யச் சொன்னேன். சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய டியூப் வாங்கி வந்ததும் நானே. வில்லுக்கும் குடத்துக்கும் நடுவே நல்ல தடிமனாகச் சுற்றிக் கட்டினோம்.

"சார், இது எனக்குத் தோணவே இல்ல" என்று ஜெபக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. வசனத்தில் இசக்கியம்மாள் நிறுத்தினார். குறிப்பு வரவில்லை, நானும் பேசாமல் இருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சார்வாள், ஆமாவ வீட்டுல வச்சிட்டு வந்துட்டியளா?"

"நீங்க மணிய ஆட்டலியே டீச்சர்."

"ஆட்டுனேனே."

சுடலையைப் பார்த்தேன். அவன் உடுக்கைக் கயிற்றைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

ஜூலை 14, திங்கள்

அலாரக் கடிகாரம் அடிக்கவில்லை. பேட்டரி மாற்றினேன். அப்படியும் இல்லை. மாற்றிக் கொடுத்த பேட்டரியும் போலியோ என்னவோ.

ஜூலை 19, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது. குறிப்புக்குக் காத்திருந்து ஏமாறாமல், வசனத்தைக் கவனித்து நானே முடிவு செய்துகொள்வது என்று போனேன். கதையில் குளத்தை மூடி மனை போட்டு விற்றவனைப் பற்றிய இடம். "இத்தன சீவன் தண்ணி குடிச்ச குளத்த மண்ணப் போட்டு மூடுனானே, அவன் குடும்பம் விளங்குமா?" என்று நிறுத்தினார் இசக்கியம்மாள். நான் குடத்தில் ஒரு தட்டுத் தட்டி, வாய் நிறைய, "ஆமா!" என்றேன்.

சுடலைக்கு உடுக்கை கையிலிருந்து நழுவிவிட்டது. "அண்ணாச்சி அவன்கிட்ட ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸு குடுத்துட்டாக போலிருக்கு!"

இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. "அது சபை யோசிக்கதுக்கு விட்ட இடம் சார்வாள். மணி ஆட்டல பாருங்க" என்றார், மெதுவாக. அந்த மென்மைதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் திட்டுகிறவர். பதினைந்து வருடமாகத் திட்டியிருக்கிறார். ஒருவரை அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்த பிறகுதான் அவரிடம் மரியாதையாகப் பேசத் தொடங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 26, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வடிவு மதியமே கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஒத்திகைக்கு நேரம் இருந்தும் கிளம்பிவிட்டேன். இசக்கியம்மாள் வீட்டு மாடிப்படியின் கீழே செருப்புகள். அவற்றில் ஒன்று வடிவுடையது. இடது வாரில் நான் போட்டுக் கொடுத்த தையல் இருக்கிறதே, எனக்குத் தெரியாதா?

படியேறும்போது மேலேயிருந்து என் குரல் கேட்டது. நான் படியில் நிற்கிறேன், என் குரல் மேலே இருக்கிறது. "ஆமா." சற்று இடைவெளி. மறுபடி, "ஆமா." பிறகு அதே ஆமாவைத் திரும்பத் திரும்ப. கடைசி இரண்டு படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் ஜெபக்கனி மடிக்கணினியை மூடினாள். வடிவு எழுந்து நின்றாள். இசக்கியம்மாள், "வாங்க சார்வாள், காப்பி குடிக்கியளா?" என்றார்.

"கோயிலுக்குப் போகலியா?" என்று வடிவைக் கேட்டேன்.

"நட சாத்திட்டாங்க. அப்படியே டீச்சரப் பாத்துட்டுப் போலாமின்னு வந்தேன்."

மதியம் நெல்லையப்பர் கோயில் நடை சாத்தியிருக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். முடிச்சு ஒன்றும் கடினமில்லை. மணி ஆட்டினால் சில்வண்டு வரும், உடுக்கை அடித்தால் தவளை வரும் என்றால், வில்லை ஆட்டினால் இந்தப் பிரமநாயகத்தின் ஆமா வராதா? என் குரலைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். முதலில் எனக்குக் குறிப்புக் கொடுக்காமல் தவறவைப்பது. வயதாகிவிட்டது என்று எல்லாரையும் நம்பவைப்பது. பிறகு நான் இருந்த இடத்தில் ஒரு ஸ்பீக்கர். குடத்துக்கு ஆள் கிடைக்கும். ஆமாவுக்குத்தான் கிடைக்காது. அதைத்தான் எடுத்துவிட்டார்களே.

வடிவு இதில் ஏன் இருக்கிறாள் என்பதுதான் புரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

வடிவிடம் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 2, சனி

ஒத்திகைக்குப் பதிலாக ஜெபக்கனியின் கல்லூரியில் பயிலரங்கு. பள்ளிப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நானும் வடிவும் கடைசி வரிசை. அந்தப் பெண் பாடம் நடத்துவதைக் குறை சொல்ல முடியாது. குடத்து அடியையும் கணினி ஒலியையும் அடுத்தடுத்துப் போட்டு, எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க வைத்தாள்.

பிறகு, நான் வருடந்தோறும் வகுப்பில் செய்துகாட்டிய சோதனை. ஒரே சீராக ஓர் ஒலியை விட்டு, அதன் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவது. கேட்கிறவரை கையைத் தூக்கியிருக்க வேண்டும். நின்றதும் இறக்கிவிட வேண்டும். எல்லாரும் தூக்கினோம். ஒலி ஏறிக்கொண்டே போய், கத்தி முனைபோல மெலிந்து, நின்றது. கையை இறக்கினேன்.

வேறு யாரும் இறக்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். அத்தனை பிள்ளைகளும் கை தூக்கியபடி இருந்தார்கள். ஒரு பிள்ளை தூக்கியிருந்தால் பக்கத்துப் பிள்ளையும் தூக்கியிருக்கும். முப்பத்தைந்து வருடம் பார்த்ததுதானே. அவளுடைய ஸ்பீக்கர் அதற்கு மேல் போகாது. சில்வண்டு வராததற்கும் அதுதான் காரணம். ஆசிரியையைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று பிள்ளைகள் நடிக்கிறார்கள்.

வடிவின் கையும் மேலேயேதான் இருந்தது. அவள் எப்போதும் நாசூக்கானவள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. வெகு நேரம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று எல்லா ஆமாவும் சரியான இடத்தில் விழுந்தன! ஒன்றுகூடப் பிசகவில்லை. அழுவதற்கு விட்ட இடத்தில் பேசாமல் இருந்தேன். கேட்பதற்கு விட்ட இடத்தில் சொன்னேன். எப்படி என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது. குடத்தின் மேல் கையை வைத்தேன். கைக்கே எல்லாம் தெரிந்தது. பழைய குடம் திரும்பி வந்த மாதிரி.

"சார்வாள் ஃபார்முக்கு வந்துட்டாக!" என்றார் இசக்கியம்மாள். ஜெபக்கனி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் தேறியதில் அவளுக்கு என்ன சந்தோஷம்? அவளுடைய திட்டம் கெட்டதே என்றல்லவா வருந்த வேண்டும்?

ஆகஸ்ட் 16, சனி

மறுபடி சரியாக வந்தது. குக்கர் மட்டும் இன்னும் சரியாகவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

நாளை நிகழ்ச்சி. கடைசி ஒத்திகை முடிந்து, எல்லாரும் காப்பி குடிக்கக் கீழே போயிருந்தார்கள். குடத்தை ஓரமாக வைக்கத் தூக்கினேன். அடியிலிருந்த வைக்கோல் பிரிமணை கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஏதோ மினுங்கியது. வைக்கோலை விலக்கினேன்.

சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டு. இரண்டு கம்பிகள். தீப்பெட்டியில் பாதி அளவு ஒரு மின்சுற்று, அதில் ஒரு பொத்தான் பேட்டரி. குடத்தின் அடியில் பட்டும் படாமலும் இருக்கும்படி யாரோ கவனமாக வைத்திருக்கிறார்கள்.

வில்லில் ஒட்டியிருப்பதும் இதே மாதிரி வட்டுதான். அதிர்வைப் பிடிக்கிற வட்டு. குடத்தின் வாய்க்கு நேரே என் வாய். நான் சொல்லும் ஒவ்வோர் ஆமாவும் குடத்துக்குள் இறங்கி, அடியில் இருக்கும் இதற்குப் போய்ச் சேர்கிறது. எவ்வளவு யோசித்திருக்கிறாள்! கிணற்றுக்குள் பேசுகிறவனுடைய பேச்சைக் கிணற்றடியில் உட்கார்ந்து கேட்பதுபோல.

எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிரிமணையை முன்போலவே சுருட்டி வைத்தேன். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. நாளை நிகழ்ச்சி முடிந்ததும், எல்லாருக்கும் முன்னால், இது என்ன என்று அவளிடம் கேட்கப்போகிறேன். அதுவரை இது என் பையைவிட்டு வெளியே வராது.

வீட்டுக்கு வந்ததும் வடிவு, "நாளைக்கு நல்லா நடக்கும், நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றாள். நான் எதை யோசிக்கிறேன் என்று நினைத்துச் சொன்னாள்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்றைய நாளை அவசரப்படாமல் எழுத வேண்டும்.

மைதானம் நிறைந்த கூட்டம். காற்று ஓயவேயில்லை, மேடைத் துணி படபடத்துக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் சம்மணமிட்டுப் பள்ளிப் பிள்ளைகள். வடிவு அவர்களுக்குப் பின்னால். வட்டு என் இடது பையில்.

காப்புப் பாட்டு முடிந்து கதை தொடங்கியது. முதல் வசனத்திலேயே இசக்கியம்மாள் நிறுத்தினார். குடத்தில் கை வைத்திருந்தேன். குடம் வெறும் மண்ணாக இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். சமாளித்துக்கொண்டு மேலே போனார். இரண்டாவது இடத்திலும் அதுவே. அப்போது முன்வரிசைப் பிள்ளை ஒன்று தானாகவே, "ஆமா!" என்று கத்தியது. மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் சிரித்தது. அடுத்த வசனத்தில் இசக்கியம்மாள் உட்கார்ந்தபடியே பிள்ளைகள் பக்கம் லேசாகத் திரும்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆமா வருகிற பக்கம்தானே கதை சொல்கிறவர் திரும்ப வேண்டும்? ஆனால் அந்த அரைத் திருப்பம் இருக்கிறதே. பதினைந்து வருடம் என் பக்கம் இருந்த முகம் அது.

அப்போதுதான் நெஞ்சில் ஒரு துடிப்பு. இடது பக்கம். ஒரு கணம் இருந்து நின்றது. இந்த வயதில் இடது நெஞ்சில் துடித்தால் என்ன நினைப்பது? முதல் இரண்டு தடவையும் இப்படி ஏதோ இருந்தது. பதற்றம் என்று விட்டிருந்தேன். வேர்த்தது. வடிவைத் தேடினேன். மேடையில் விழுந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று குடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுபடி துடித்தது. உடனே பிள்ளைகள் "ஆமா" என்றார்கள்.

இதயம் கதை கேட்டா துடிக்கும்?

என்னதான் இருந்தாலும் நான் இயற்பியல் வாத்தியார். ஒன்று இரண்டு தடவை ஒத்துப்போனால் அதைத் தற்செயல் என்போம். முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் விதி. காத்திருந்தேன். கதையில் மனை போட்டவன் வந்தான். அவன் குடும்பம் விளங்குமா என்று கேட்டு இசக்கியம்மாள் நிறுத்தினார். சபை யோசிப்பதற்கான இடம். துடிப்பு வரக் கூடாது. வரவில்லை. அடுத்தது எனக்கான இடம். வர வேண்டும். இசக்கியம்மாளின் கை வில்லை அசைப்பதைக் கண்ணால் பார்த்தேன். மணிகள் ஆடுவதையும் பார்த்தேன். அவற்றிலிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் சட்டைப் பைக்குள் வட்டு விர்ரென்று அதிர்ந்தது.

அது கேட்கிற வட்டு இல்லை. சொல்கிற வட்டு.

ஒலிபெருக்கியையே ஒலிவாங்கியாகவும் பயன்படுத்தலாம், கம்பியை மாற்றிக் கொடுத்தால் போதும் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான். இரண்டு பக்கமும் போகிற பாதையில் ஒரு பக்கத்தை மட்டுமே நினைத்துவிட்டேன். பையில் அது அதிர்ந்து அடங்குவதற்குள் மற்றதெல்லாம் வரிசையாக வந்து நின்றன: குடத்தின் வயிற்றில் எப்போதும் இருக்கும் என் இடது கை, வில்லுக்கும் குடத்துக்கும் நடுவே நானே வாங்கிவந்து கட்டிய டியூப். இத்தனை வருடம் மணியைக் காதால் கேட்டதாக நினைத்திருந்தேன். எவ்வளவு காலமாகவோ, கையால்தான் கேட்டிருக்கிறேன். அந்தக் கையைக் கட்டிப் போட்டதும் நான்தான். அந்தப் பெண் அதை எப்படியோ கண்டுபிடித்து, வில்லின் அசைவைக் கணினி வழியே, கம்பியில்லாமல், குடத்துக்கு அடியில் திருப்பி வைத்திருந்தாள்.

கதையின் கடைசியில் மண் மூடிய குளமே பேசும் இடம் வரும். இசக்கியம்மாள் குரலை இறக்கி, "எம் மேல வீடு கட்டிட்டிய. ரோடு போட்டுட்டிய. கீழ நான் கெடக்கேன்னு ஒருத்தருக்காவது தெரியுதா?" என்று கேட்டு நிறுத்தினார். நீண்ட நிறுத்தம். பிள்ளைகள் வாயைத் திறக்கப் போனார்கள். அதற்கு முன்பே நெஞ்சில் விர்ரென்றது.

"ஆமா" என்றேன்.

இசக்கியம்மாள் என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

அதற்குப் பிறகு ஒன்றும் தவறவில்லை. கைதட்டல் ஓய்ந்து கம்பிகளைச் சுருட்டும்போது ஜெபக்கனி இசக்கியம்மாளிடம் சொல்வது காதில் விழுந்தது. "ஆரம்பத்துல குடத்து வட்டு காலை வாரிட்டுது மேடம். நம்பி மேடைல வைக்க முடியாதுன்னுதான் ஆராய்ச்சியில எழுதணும்."

கேட்பதற்கு என்று வைத்திருந்த கேள்வி என் வாயில் இல்லை. பையில் கையை வைத்தபடி நின்றேன். அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

துவைக்க எடுத்த சட்டையோடு வடிவு வந்தாள். உள்ளங்கையில் வட்டு.

"இது குடத்துக்கடியில்லா இருக்கணும்?"

"எனக்குத் தெரியாம வச்சா அப்படித்தான்."

"தெரிஞ்சு வச்சா இருக்க விட்டிருப்பியளா?"

வட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"போன வருசம் தீபாவளிக்கு ஒரு குருவி வெடி காலடியில வெடிச்சிச்சு. எல்லாரும் துள்ளுனோம், நீங்க லேட்டா திரும்பிப் பாத்திய. அப்புறம் அலாரம். அப்புறம் குக்கரு. டாக்டர்ட்ட போவோமான்னு ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் என் பேச்சு சரியா இல்ல, வாயத் தொறந்து பேசுன்னு சொன்னிய."

"அந்தப் பொண்ணுட்ட நீதான் சொன்னியா?"

"அவளே கண்டுபிடிச்சா. ஒத்திகையில பதிவானத எடுத்து, மணி ஆட்டுன நேரத்தையும் நீங்க ஆமா சொன்ன நேரத்தையும் கம்ப்யூட்டர்ல பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாத்திருக்கா. அன்னைக்கு மாடியில ஓடுனது அதுதான். டியூப் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவகூடத் தவறல, கட்டுனதுக்கப்புறம் ஒண்ணும் சரியில்லன்னு எங்கிட்ட கேக்கா, சாருக்குக் காது எப்படின்னு. டியூப அவுத்துரலாமான்னு டீச்சர் கேட்டாக. அவ வேண்டான்னுட்டா. நான் எடுத்தத நானே குடுக்கேன்னா."

"டியூப் வாங்கிக் குடுத்தது நான்."

"அதையும் சொன்னா. சாருட்ட இதச் சொல்லாதீங்க, வருத்தப்படுவாகன்னா."

நான் அவளைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதியிருப்பதை வடிவுக்குக் காட்டப்போவதில்லை.

மாலையில் ஜெபக்கனிக்குப் போன் செய்தேன். சோதனையில் தவறு நடந்தால், தவறியது கருவியா, அதைக் கையாண்டவரா என்று பிரித்து எழுத வேண்டும் என்றேன். உன் கருவியில் பிழை இல்லை அம்மா, அது என் சட்டைப் பையில் இருந்தது என்றேன். அந்தப் பக்கம் வெகு நேரம் பேச்சே இல்லை. கேட்கவில்லையோ என்று போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சட்டப் பையிலயா? சார், அங்க குடத்த விட நல்லா தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. மொதல்ல ஹார்ட் அட்டாக்குன்னு நெனச்சேன்."

"அப்ப இனிமே அங்கயே வச்சுருவோம். அதிர்வ மட்டும் கொறைச்சுத் தாரேன்."

ஆகஸ்ட் 27, புதன்

கேஸ்கட் கடைக்குப் போய், உங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்றேன். எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவருக்கு நினைவில்லை. பேட்டரிக் கடை பூட்டியிருந்தது. காது மருத்துவரிடம் அடுத்த வாரம் போகிறோம். வடிவு சட்டைகளுக்கு உட்பக்கம் சின்னதாகப் பை தைக்கிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

ஜெபக்கனி தன் மாணவர்களுக்கு மறுபடி அந்தச் சோதனையைச் செய்துகாட்டினாள். நான்தான் கேட்டுக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க உதாரணம் சொன்னவன். ஒரு தடவை உதாரணமாக நிற்கலாமே என்று, வகுப்புக்கு முன்னால் போய் நின்றேன். ஒலி ஏறியது. மெலிந்தது. என் கை முதலில் இறங்கியது. இங்கேயிருந்து மேலே எந்த ஒலியும் எனக்கு வேறு வழியில்தான் வர வேண்டும் என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்த வட்டை எடுத்துக் காட்டினேன். கையிலிருந்து கைக்கு அது வரிசை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. ஒரு பையன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். என்னைவிட நல்ல வாத்தியாராக வருவான்.

ஜெபக்கனி ஒலியை இன்னும் உயர்த்திக்கொண்டே போனாள். எனக்கு அறை அமைதியாக இருந்தது. கடைசி வரிசையில் வடிவின் கை இன்னும் மேலேயே நின்றது. இந்தத் தடவை அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கேட்டேன். "அந்தச் சில்வண்டு எப்படி இருந்துச்சு? நெசமாவே வயக்காடு மாதிரியா?"

"ஆமா."

"சொல்லேன், எப்படி?"

சுற்றுமுற்றும் பார்த்தாள். இரண்டு கல்லூரிப் பெண்களும் பால்காரர் ஒருவரும் நின்றிருந்தார்கள். சேலைத் தலைப்பை வாயருகே கொண்டுபோய், என் காதுக்குப் பக்கத்தில் வந்து, எனக்கு எட்டும் சுருதிக்குக் குரலை இறக்கி, சில்வண்டுபோலக் கத்திக் காட்டினாள். பால்காரர் திரும்பிப் பார்த்தார். பஸ் வரும்வரை நிறுத்தவில்லை.